பன்னிரண்டு வீடு, பதினோரு நோட்டீஸ்

3-3-87, செவ்வாய்

பின்சந்தில் பதினோரு வீட்டுக் குசினிகளை இடிக்கச் சொல்லி இன்று காலை நோட்டீஸ் வந்துவிட்டது. பதினான்கு நாள் தவணை. நோட்டீஸ் வரக் காரணம் எங்கள் கமிட்டி போட்ட மனு. மனுவில் தலைவர் என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

விடியற்காலையிலிருந்து மழை. சுங்கை வேயிலிருந்து சரக்கு ஏற்ற வர வேண்டிய லோரி வரவில்லை. என் கடையில் இரண்டாம் தரச் சாக்கு நானூறு கட்டாமல் கிடக்கிறது.

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். நானும் மாற்றிச் சொல்வேன், என்னை எனக்குத் தெரியும்.

எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடு. முதல் வீடு கிராணி. ரப்பர் தோட்டத்தில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, பார்த்து ஓய்வு பெற்றவன். பெயர் ராஜமாணிக்கம், பெயர் சொல்லிக் கூப்பிடுவார் யாருமில்லை. பதினோராவது தனம் வீடு. கடைசி என் கடையும் சாக்கு ஸ்டோரும், மாடியில் நாங்கள். பின்சந்தில் கால்வாய். கடல் ஏறும் நேரத்தில் மழையும் சேர்ந்தால் கால்வாய்த் தண்ணீர் போக வழியில்லாமல் திரும்பி வரும். எல்லார் குசினியிலும் முழங்கால் தண்ணீர். கிள்ளானில் இது புதிதில்லை.

போன வருடம் நகராண்மைக் கழகம் ஒரு திட்டம் அறிவித்தது. குடியிருப்பவர்களே கமிட்டி அமைத்துத் தங்கள் இடத்தைச் சீர்செய்தால் சிமெண்டு, சிலாப்பு, குழாய்க்குக் கழகம் மானியம் தரும். உழைப்பு நம்முடையது. ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங், எல்லாரும் கூடிச் செய்யும் வேலை, வீட்டுக்கு ஒரு ஆள், ஒரு மண்வெட்டி. கேட்டதுமே எனக்குப் பிடித்தது. சரக்கு அவர்கள் போடுகிறார்கள், கூலி மட்டும் நாம். இதைவிட நல்ல வியாபாரம் எங்கே கிடைக்கும்?

மலாய் பேசுவேன். பாசாரில் கற்ற மலாய். ஆபீஸ் மலாய் படிக்க வராது. என் லைசென்சு, வருமான வரி, எல்லாக் கடிதமும் இருபது வருடமாகக் கிராணிதான் எழுதுவது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டுத் தருவான். நான் குறியைப் பார்த்துப் போடுவேன். இந்த மனுவும் அப்படித்தான்.

போட்டோ யோசனை என்னுடையது. மறைக்கப் போவதில்லை. வருடக் கடைசி வெள்ளத்தில் ஸ்டூடியோக்காரனைக் கூட்டிக்கொண்டு குசினி குசினியாகப் போனேன். அடுப்புக்குள் தண்ணீர். அரிசி டின் மிதப்பது. தனம் இடியப்பப் பானையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்பது. பார்க்கிறவர் மனம் இளகும் என்று நினைத்தேன். இளகவில்லை, அளந்திருக்கிறார்கள். குசினி எல்லாமே கால்வாய்க்கு மேல் நீட்டிக் கட்டியது. முப்பது வருடமாக எல்லாரும் நீட்டிக் கட்டியிருப்பதால் அது நீட்டிய இடம் என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. என் ஸ்டோரின் பின்சாய்ப்பும் அதே கதை. கழகத்து நிலத்தில் நின்றுகொண்டு கழகத்துக்கே படம் எடுத்து அனுப்பியிருக்கிறோம்.

தனத்துக்குத்தான் பெரிய அடி. புருஷன் ஏழுமலைக்குத் துறைமுகத்தில் முதுகு போய் நாலு வருடம். முன் ஹாலில் அவன் கட்டில். பின் குசினியில் காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டி இடியப்பம் அவித்து மூன்று கடைகளுக்குப் போடுகிறாள். குசினி போனால் பிழைப்பு போயிற்று. மனுவில் கைநாட்டுப் போட அவள் முதலில் மறுத்தாள். "எனக்கு எதுக்குண்ணே இதெல்லாம்? தண்ணி வந்தா தொடைச்சிக்கிறேன்" என்றாள். நான்தான், "போடு தனம், நான் இருக்கேன்ல" என்றேன்.

சாயங்காலம் எல்லாரும் என் கடை வாசலில். நாலாம் வீட்டு லோரி பாலன் நோட்டீஸ்களை வாங்கி எண்ணினான்.

"பன்னெண்டு வூடு, பதினோரு லெட்டரு. கிராணி வூட்டு லெட்டர நாய் தின்னுருச்சா லா?"

சிரிப்பு. எனக்குக் கோபம். "தபால் ஒண்ணு பிந்தி வரும். உன் லோரி பெர்மிட்டுக்குப் பாரம் எழுதிக் குடுத்தவன்டா அந்த மனுசன். வாய அடக்கு."

தனம் சிரிக்கவில்லை. "நீங்க சொன்னீங்கன்னுதாண்ணே போட்டேன்." அவ்வளவுதான் சொன்னாள்.

4-3-87, புதன்

வெயில். சாக்கு காயப் போட்டாயிற்று.

கிராணி வீட்டுக்குப் போனேன். மேசை முழுக்கக் கல்யாணப் பத்திரிகை. மகளுக்கு மே மாதம் கல்யாணம், மாப்பிள்ளை பிரிக்பீல்ட்ஸ் பையன். மஸ்ஜித் இந்தியாக் கடைவீதியில் எடுத்த புடவைகளை அவன் மனைவி விரித்துக் காட்டினாள். நல்ல சரக்கு. விலையும் கேட்டுவிட்டேன், பழக்க தோஷம்.

"உனக்கு நோட்டீஸ் வரலையா?"

"நாளைக்கு வரும்யா. கவர்மெண்டு ஆபீஸ் என்னா ஒன் சாக்குக் கடையா, கேட்டவுடனே குடுக்க?"

"மனு காப்பி ஒண்ணு குடு. பார்க்கணும்."

"மச்சான் வீட்ல மாட்டிக்கிச்சு. அப்புறம் தரேன்."

இதைச் சொல்லும்போது பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டே இருந்தான், ஏற்கெனவே அடுக்கியதை. சரக்கில் ஓட்டை இருப்பது தெரிந்தவன்தான் கை சும்மா இல்லாமல் பேசுவான். கடையில் ஆயிரம் தரம் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் அவன் மனைவி தந்த காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

செல்லத்திடம் சொன்னேன். என் வீட்டுக்காரி சுருக்கமான ஆள். "நேரா ஆபீசுக்குப் போங்க" என்றாள்.

நாளைக்கு:
— சணல் நூல் 6 உருண்டை
— மூட்டை தூக்குகிறவனுக்குப் போன்
— தனம் வீட்டுப் பக்கம் போகாமல் முன்வழியாகப் போவது

மூன்றாவதை எழுதிய பிறகு வெட்கமாக இருந்தது. அழிக்கவில்லை, இருக்கட்டும்.

6-3-87, வெள்ளி

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஆபீஸ் அடைக்கும் முன்னால் முடிக்க வேண்டும் என்று ஒன்பது மணிக்கே கழக ஆபீஸ். வெள்ளைச் சட்டை. திட்டத்தைப் பார்க்கும் அம்மா பெயர் சல்மா. கறாரான ஆள், மரியாதை குறையவில்லை. பைலை எடுத்துவைத்து என் கையெழுத்தைக் காட்டி, "தவுக்கே, இது உங்களுடையதுதானே?" என்று, முதலாளிமாரைக் கூப்பிடும் மரியாதையோடு, மலாயில் கேட்டாள். ஆம்.

எழுத்து மலாய் தெரியாது, வாய்விட்டுப் படியுங்கள் என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை, நன்றி. மெதுவாகப் படித்து, பாசார் மலாயில் திருப்பிச் சொன்னாள்.

மூன்று விஷயம்.

ஒன்று. கால்வாய் மேல் கட்டிடம் இருந்தால் மானியம் இல்லை என்பது விதி. போன ஆகஸ்டிலேயே உங்கள் செயலாளரிடம் நேரில் சொல்லியாயிற்று. செயலாளர் கிராணி.

இரண்டு. மனுவின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி. குடியிருப்பவர்கள் அனைவரும் தங்கள் குசினிகளைத் தாங்களே, தங்கள் செலவில், இழப்பீடு கேட்காமல் அகற்றச் சம்மதிக்கிறோம். அதன் கீழே என் கையெழுத்து. பென்சில் குறியை யாரோ ரப்பரால் அழித்திருக்கிறார்கள். தடம் மட்டும் தெரிகிறது.

மூன்று. வரைபடம். கால்வாய் வேலை இரண்டாம் வீட்டில் ஆரம்பித்து என் ஸ்டோரில் முடிகிறது. முதல் வீடு வரைபடத்திலேயே இல்லை. கிராணியிடம் பன்னிரண்டு போட்டோ கொடுத்தேன், பைலில் பதினொன்றுதான்.

சல்மா பேனா மூடியைத் திறந்தாள். "முதல் வீட்டுக்கும் பின்னால் கட்டிடம் உண்டா?"

இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். வரைபடம் தப்பு என்றாகும். புது மனு போட வேண்டும். இந்த வருடப் பணம் வேறு தாமானுக்கு, வேறு குடியிருப்புக்கு, போய்விடும். நோட்டீஸ் மட்டும் நிற்கும், வாபஸ் கிடையாது.

கணக்கு எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உண்மையைச் சொன்னால் பதினோரு குசினியும் போகும், கால்வாயும் வராது. கிராணி இதையும் போட்டுப் பார்த்திருப்பான். நான் வாய் திறக்க முடியாது என்று தெரிந்தே செய்திருக்கிறான்.

"தெரியாது" என்றேன். மூடியைப் போட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். ஒரு சாக்கு வாங்கினாலும் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, கவிழ்த்து உதறி, மூலை தைத்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்ப்பவன் நான்.

7-3-87, சனி

கடையைப் பாதி நாளில் அடைத்தேன். கிராணி வீட்டில் அவன் மட்டும். உட்காரச் சொன்னான், உட்காரவில்லை.

மூன்றையும் சொன்னேன். இல்லை என்று சொல்வான் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"ஆமா. எழுதுனேன். ஒங்கிட்ட சொல்லியிருந்தா நீ கையெழுத்துப் போட்டிருப்பியா?"

"போட்டிருக்க மாட்டேன்."

"அப்ப காவா வந்திருக்குமா? இன்னும் முப்பது வருசம் தண்ணியில நிப்பீங்க. யாராச்சும் ஒருத்தன் செஞ்சாகணும் முத்தையா. நான் செஞ்சேன்."

"நல்லது செஞ்சவன் ஒன் வூட்டையும் படத்துல போட்டிருக்கலாமே."

இதற்குக் கல்யாணக் கதை சொன்னான். மே மாதம் கல்யாணம். பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் வசதியானவர்கள். சம்பந்தி வந்து பார்க்கும்போது பின்பக்கம் இடிந்து கிடந்தால் எப்படி? இருநூறு பேருக்கு எங்கே சமைப்பது? "குசினி இல்லாத கல்யாண வூடு இருக்கா?"

"கேட்டிருந்தா என் ஸ்டோரைக் காலி பண்ணிக் குடுத்திருப்பேனேடா. பந்தலும் போட்டுக் குடுத்திருப்பேன்."

"ஒங்கிட்டப் போய்க் கேக்கணுமா?"

இதில்தான் எல்லாம் வந்துவிட்டது. இருபது வருடம் எனக்கு எழுதிக் கொடுத்தான். ஒரு காசு வாங்கியதில்லை. தீபாவளிக்கு நான் அனுப்பும் அரிசி மூட்டையைக்கூட ஒவ்வொரு வருடமும் திருப்பி அனுப்பப் பார்ப்பான். சினேகிதம் என்று நினைத்தேன். அவனுக்கு நான் எழுதப் படிக்கத் தெரியாத சாக்கு வியாபாரி, அவ்வளவுதான் போல.

வாசலில் அவன் மகள் எதிரில் வந்தாள். "வாங்க மாமா, சாப்டீங்களா?" சாப்பிட்டேன் என்றேன். அந்தப் பெண் என்ன செய்தது?

8-3-87, ஞாயிறு

காலையில் கமிட்டிக் கூட்டம், என் ஸ்டோரில். ஒன்பது வீட்டிலிருந்து வந்தார்கள். கிராணி வரவில்லை.

சல்மா படித்ததை அப்படியே சொன்னேன். கையெழுத்து என்னுடையது, படிக்காமல் போட்டேன் என்றும் சொன்னேன். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

பாலன் எழுந்து நின்றான். "நாளைக்கே போய்க் கிராணி குசினியக் காட்டிக் குடுப்போம். நான் லோரியில ஏத்திட்டுப் போறேன் எல்லாரையும்."

கூடாது என்றேன். ஏன் கூடாது என்று இரண்டு தரம் விளக்கினேன். அவனைக் காட்டினால் மானியம் போகும், நம் குசினியும் போகும், வெறும் சேறு மிஞ்சும். கணக்கு சரியான கணக்கு. ஆனால் அங்கே யாருக்கும் கணக்கு கேட்கும் மனநிலை இல்லை.

"அப்ப அவன் குசினி மட்டும் நிக்கும். நீங்க அதுக்குக் காவல்." இது பாலன்.

"எவ்ளோ குடுத்தான் அங்கிள்?" பின்வரிசையில் ஏழாம் வீட்டுப் பையன்.

யார் என்று பார்க்காமலே, "வெளியே போடா" என்றேன். அவன் போனான். கூடவே நாலு பேர் போனார்கள்.

தனம் கடைசி வரை இருந்தாள். பெஞ்சை நானே மடக்கினேன். சொல்லிக்கொள்ளாமல் போக மாட்டாள், அந்த மரியாதை இன்னும் இருந்தது.

"வரேன் முதலாளி."

பதினாறு வருடமாக அண்ணே. இன்றைக்கு முதலாளி.

11-3-87, புதன்

மழை இல்லை. பட்டர்வொர்த்திலிருந்து சர்க்கரைச் சாக்கு எழுநூறு வந்தது. அறுபது கிழிசல். திருப்பி அனுப்பினேன். போனில் கொஞ்சம் அதிகமாகக் கத்திவிட்டேன்.

கேள்விப்பட்டது:
பாசாரில் ஒரு மூலைக்கடை கேட்டிருக்கிறாள் தனம். வாடகை கட்டுப்படியாகவில்லை.
மூன்று கடைகளில் ஒன்று ஏற்கெனவே வேறு ஆளிடம் இடியப்பம் சொல்லிவிட்டது.
கிராணி வீட்டில் புதுப் பெயின்ட், பின்பக்கமும் சேர்த்து. பச்சை.

செல்லம் சாப்பிடும்போது கேட்டாள்: "முன் ஸ்டோர் பாதி சும்மாதானே கெடக்கு?"

சும்மா இல்லை, மூன்றாம் தரச் சாக்கு இருக்கிறது என்றேன். அவள் ரசம் ஊற்றினாள்.

அந்தச் சாக்கு இரண்டு வருடமாக விற்கவில்லை. இப்போது எல்லாரும் பிளாஸ்டிக் சாக்கு கேட்கிறார்கள். இது எனக்கும் தெரியும்.

13-3-87, வெள்ளி

தனத்திடம் சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்குள் போகவில்லை, கதவோரம் நின்று. என் முன் ஸ்டோரில் பாதி தருகிறேன், குழாய் இருக்கிறது, புகை போக ஜன்னல் வைத்துத் தருகிறேன், வாடகை வேண்டாம்.

உள்ளே கட்டிலில் இருந்து ஏழுமலை, "ஏத்துக்க புள்ள" என்றான்.

அவள் மாவு பிசைந்த கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "வேணாங்க. சும்மா குடுக்கறத வாங்கித்தானே இப்படி ஆச்சு. கவர்மெண்டு சும்மா குடுக்குதுன்னு நீங்க சொன்னீங்க, நான் கைநாட்டு வச்சேன்."

பேச்சில் என்னை யாரும் இப்படி நிறுத்தியதில்லை, செட்டியார் கடையில் கடன் கேட்ட காலத்தில்கூட.

அந்த மூன்றாம் தரச் சாக்கை எல்லாம் ஏறக்கட்டிப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டேன். இடம் காலி. அவள் வராவிட்டாலும் காலியாக இருக்கட்டும்.

15-3-87, ஞாயிறு

இடிப்பு. கழகத்து ஆள் வந்து இடித்தால் தகரமும் மரமும் அவர்கள் லோரியில் போய்விடும், நாமே இடித்தால் நமக்கு. ஆகவே நாமே.

ஏழு மணிக்கு முதல் அடி என் பின்சாய்ப்பில். நான்தான் அடித்தேன், யாரும் கேட்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் சம்மட்டி கொஞ்சம் கனம். பாலன் வந்து பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான்.

"விடுங்க அங்கிள், காலுல போட்டுக்கிட்டு அதுக்கும் ஒரு மனு எழுதுவீங்க."

அவன் பேசியது அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் என் சாய்ப்பும் ஏழாவது வீடும் முடிந்தது, மற்றவை அவரவர் ஆட்களோடு. அந்தப் பையன் முகம் கொடுக்கவில்லை.

தனம் குசினி மூன்று மணிக்கு. அவளே தகரம் கழற்றினாள். அடுப்பு, அவிக்கும் பானைகள், மாவு அரைக்கும் மெஷின், எல்லாம் சந்தில் வெயிலில். ஏழுமலையை நாற்காலியில் தூக்கிவந்து உட்கார வைத்தார்கள். அவன் கட்டிய சுவர். விழும்போது அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சுவர் போன பிறகுதான் கால்வாய் முழுசாகக் கண்ணில் பட்டது. இத்தனை அகலம் என்று எனக்கே தெரியாது. அடைப்பு முழுக்க எங்கள் வீட்டு உமியும் தேங்காய் மட்டையும்.

சாயங்காலம் பார்த்தால் மேல்பக்கம் முதல் வீட்டுப் பச்சைச் சுவர் மட்டும் நிற்கிறது. அங்கிருந்து ஒரு சத்தம் இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. ஆள் உள்ளே இருந்தான், ரேடியோ கேட்டது.

அவன்மேல் கோபம் இருக்கிறதா என்று யோசித்தேன். இருக்கிறது. அதைவிட, ஒரு கடிதம் வந்தால் இனி யாரிடம் போய்ப் படிக்கச் சொல்வது என்ற யோசனைதான் முன்னால் வந்து நிற்கிறது. அதுதான் ரொம்ப எரிச்சல்.

16-3-87, திங்கள்

காலையில் லேசான தூறல். கழகத்து லோரி சிமெண்டும் சிலாப்பும் இறக்கிவிட்டுப் போயிற்று. எண்ணிக் கையெழுத்துப் போட்டேன். டெலிவரி பாரம் மலாயில். அந்த டிரைவரையே உட்கார வைத்து முதலிலிருந்து கடைசி வரை படிக்கச் சொன்னேன். "அங்கிள், டெலிவரி ஆர்டர் லா, உயில் இல்ல" என்றான். பரவாயில்லை, படி என்றேன்.

பதினோரு மணிக்குத் தனம் கடைக்கு வந்தாள். உட்காரவில்லை. கூட மூத்த மகள், கையில் ஸ்கூல் நோட்டும் பேனாவும்.

"இடம் இன்னும் இருக்கா முதலாளி?"

"இருக்கு."

"வாடகை சொல்லுங்க."

வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் திரும்ப ஆரம்பித்தாள். முப்பது வெள்ளி என்றேன்.

"அந்த இடத்துக்கு முப்பது யார் குடுப்பா? பாசார்ல எழுவது கேக்குறான். ஐம்பது."

"முப்பத்தஞ்சு."

"ஐம்பது. இல்லேன்னா விடுங்க."

"தனம், நான் இந்த ஊர்ல இருபத்தெட்டு வருசமா வியாபாரம் பண்றேன். வெல ஏத்திக் கேக்கிற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனத்துக்கு வரவில்லை.

நாற்பத்தைந்தில் நின்றது. தமிழில் எழுதச் சொன்னாள். மகள் எழுதி, உரக்கப் படித்து, தாய் தலையாட்டிய பிறகு அடுத்த வரி. என்னையும் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டச் சொன்னாள். ஆட்டினேன். இரண்டு பிரதி. என்னுடையதைப் பார்த்து இங்கே எழுதிக்கொள்கிறேன்:

முன் ஸ்டோரில் சாலைப் பக்கத்துப் பாதி மட்டும். இன்றிலிருந்து மூன்று வருடம். நடுவில் வாடகை ஏற்றக் கூடாது. ஜன்னல் வைக்கும் செலவு என்னுடையது, அடுப்பு மேடை அவளுடையது. தண்ணீருக்குத் தனி மீட்டர். காலி செய்யச் சொல்வதானால் ஆறு மாதம் முன்னால், எழுத்தில், தமிழில். வாடகை மாதம் நாற்பத்தைந்து வெள்ளி, முதல் தேதி, ரசீதுடன். ஒரு மாத முன்பணம் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்.